அந்துப்பூச்சியின் மூன்றாம் அறிவு

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்து, மூக்கால் அறிதலை மூன்றாவதாக வைத்தார். தமிழ் பயிலும் நாம் அப்பகுப்பை மனனஞ் செய்வதோடு அமைகின்றோம். அவ்வறிவு நம் ஸ்ரீவைகுண்டத்து வயல்களில் இரவுதோறும் தொழிற்படுவதை நினைப்பார் சிலரே. தாமிரபரணிப் பாய்ச்சலில் விளையும் நெல், பாலேறாது வெண்கதிராய் நிற்பது தண்டுத் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியின் புழுவால் அன்றோ?

அந்துப்பூச்சிக்கு நம்மனையார்க்குள்ளதுபோல் மூக்கில்லை. தலையிலுள்ள உணர்கொம்புகளே அதற்கு மூக்காம். அவற்றின் நுண்மயிர்களிலுள்ள துளைகளின் வழியே மணத்துகள் புகுந்து நரம்பைத் தூண்டும். சூல்கொண்ட பெண்பூச்சி, காற்றில் வரும் பயிர்மணத்தைப் பற்றிக் காற்றை எதிர்த்துப் பறந்து, தன் புழுவுக்கு உணவாகுஞ் செடியை நாடி முட்டையிடும். ஆண்பூச்சியோ பெண் விடும் மணத்தைத் தேடும். பட்டுப்பூச்சியின் அம்மணப்பொருளை ஜெர்மானிய அறிஞர் பூட்டெனாண்ட் 1959ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டார். இன்று வயல்களில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் அவ்வறிவின் பயனே. ஆயினும் அவற்றில் வீழ்வன பெரும்பாலும் ஆண்களே. முட்டையிடும் பெண்ணை ஈர்ப்பது பயிரின் மணமாதலின், பொறியொன்றே போதுமென்று அமைதல் தகாது.

பலரும் முதலில் நாடுவது நஞ்சையே. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018ஆம் ஆண்டில் கருநாடகத்திற் காணப்பட்டு, விரைவில் நம் மாவட்டத்துக் கரிசற்காட்டு மக்காச்சோளத்தையும் அழித்தபோது, உழவர் கைக்கொண்டது மருந்துத் தெளிப்பே. நஞ்சோ புழுவோடு புழுவின் பகையையும் மாய்க்கும். புழு கடித்த மக்காச்சோளம் புதுமணம் விட்டு ஒட்டுண்ணிக் குளவியை அழைக்குமென்பதை 1990ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் காட்டினர். பயிர் தன் காவலரைக் கூவியழைக்க, அக்காவலரை நாமே வாயிலிற் கொல்லுதல் அறிவாகுமோ?

பூச்சியின் மணவறிவையே நமக்குத் துணையாக்குதல் கூடும். கடலைக் கொல்லையின் வரப்பில் ஆமணக்கும், தக்காளியின் இடையே செண்டுமல்லியும் நட்டால், பெண்பூச்சி அவற்றை விரும்பிச் சென்று முட்டையிடும். அவற்றைக் கிள்ளியெடுத்தல் எளிது. கென்யா நாட்டில், பூச்சியை விலக்கும் மணமுடைய செடியைச் சோளத்தின் இடையிலும், அதனை ஈர்க்கும் நேப்பியர் புல்லைச் சுற்றிலும் வளர்க்கின்றனர். அப்புல் மாட்டுக்குத் தீவனமுமாம்.

புழு மலிந்தபின் மணத்தை நம்பியிருத்தல் இயலுமோ என்பார்க்கு, இயலாது என்றே விடையளிப்போம். அப்போது மருந்து வேண்டுவதே. அது முதலாவதாகாமல் இறுதியாதல் வேண்டுமென்பதே எம் கருத்து. ஒருவர் வயலில் மட்டும் செய்வதும் சாலாது; பூச்சி வரப்பறியாது. ஊர் ஒன்றுபட்டுச் செய்தல் வேண்டும்.

ஊர் ஒன்றுபட அறிவு பரவுதல் வேண்டும். அவ்வறிவின் பெரும்பகுதி ஆங்கில ஏடுகளில் அடைபட்டுக் கிடக்கின்றது. யோவேல் தீர்க்கதரிசி பச்சைப்புழுவின் கொடுமையைத் தம் மக்கள் மொழியிலேயே உரைத்தார். நம் கல்லூரியில் பயில்வோருள் உழவர் மக்கள் பலர். விலங்கியல் மாணவர் பொருளை ஈய, தமிழ் மாணவர் அதனை எளிய நடையில் எழுதி ஊர்தோறுங் கொண்டுசெல்வாராயின், நாம் கற்ற மூன்றாம் அறிவு தேர்வுத்தாளோடு ஒழியாது, நெற்கதிரிலும் பயன்தரும்.