கடைசியாக எப்போது பழம் சாப்பிட்டீர்கள்?

சென்ற வாரம் ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். மகன் இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறானாம். பக்கத்து வீட்டு அம்மா, "தண்ணியில போட்டா பொங்குமே, அந்த 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை, தினமும் ஒண்ணு கொடுங்க. மூளை நல்லா வேலை செய்யும்" என்றாராம். கொடுக்கலாமா என்று கேட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது என் அப்பாவின் கதையைச் சொல்லாமல் என்னால் வைட்டமின் சி பற்றிப் பேச முடியவில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா சுங்கை சிப்புட் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். கோலாலம்பூருக்கு வாங்க என்றால், "பதினெட்டாவது மாடியில வந்து நான் என்னம்மா பண்றது?" என்பார். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவேன். ஆறு மாதத்தில் ஆளே மாறிப்போனார். கோயிலுக்குப் போவதில்லை. நண்பர்கள் வந்தாலும் பேச்சில்லை. பத்திரிகை பிரிக்கப்படாமலே கிடந்தது. கால் வலி, களைப்பு என்று நாற்காலியை விட்டு எழமாட்டார். 45 வருடம் கூட வாழ்ந்தவர் போய்விட்டார், துக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். வீணாகிறதே என்று பத்திரிகையையும் நானே நிறுத்திவிட்டேன்.

பிறகு கேட்டில் இடித்துக் கணுக்காலுக்கு மேல் ஒரு சிராய்ப்பு. ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. இனிப்புநீராக இருக்கும் என்று பயந்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை சரியாக இருந்தது. மருத்துவர் இளைஞர். காயத்தைவிட்டு அதைச் சுற்றியிருந்த தோலைப் பார்த்தார். ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவப்புப் புள்ளி. மயிரெல்லாம் சுருள்கம்பி போல வளைந்திருந்தது. நிமிர்ந்து, "ஐயா, கடைசியா எப்போ பழம் சாப்பிட்டீங்க?" என்றார்.

அப்பா யோசித்தார். "கோயில்ல வாழைப்பழம் கொடுத்தாங்க. தைப்பூசத்துக்கு."

அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது.

அவர் தினமும் என்ன சாப்பிட்டார் என்று அன்றுதான் கேட்டேன். காலையில் பசியாற கோப்பியில் நனைத்த பிஸ்கட். மதியம் கடைச் சோறு, பொரித்த மீன் அல்லது முட்டை. காய்கறி பல்செட்டில் மாட்டுகிறது, வேண்டாம். இரவு ரொட்டியும் தேநீரும். வயிறு நிறைந்தது, எடைகூடக் குறையவில்லை. அம்மா இருந்தவரை பப்பாளியை நறுக்கிக் கிண்ணத்தில் வைத்து நீட்டுவார், இவர் சாப்பிடுவார். கிண்ணம் நின்றதும் பழமும் நின்றது. வாராவாரம் இந்தப் பக்கத்தில் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அப்பாவுக்கு வந்திருந்தது ஸ்கர்வி. கப்பல் மாலுமிகளுக்கு வந்ததாகப் பள்ளியில் படித்தோமே, அதேதான். ஈறில் இரத்தம் கசிவதுதான் அதன் பிரபலமான அடையாளம். அது பல் இருப்பவர்களுக்கு. பல்லே இல்லாத அப்பாவின் ஈறு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைக் கல்லீரலில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான மரபணு நம்மிடமும் உண்டு, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. குரங்குக்கும் கினிப் பன்றிக்கும் இதே கதிதான். அதனால் நமக்குச் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. நன்றாகச் சாப்பிடுகிறவர் உடலில் மொத்த இருப்பு சுமார் 1,500 மில்லிகிராம். அது 300-க்குக் கீழே இறங்கினால் ஸ்கர்வி தலைகாட்டும். வரத்து அடியோடு நின்றுவிட்டால் இதற்குச் சில மாதங்களே போதும்.

தோல், இரத்தக்குழாய், எலும்பு, ஈறு எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருப்பது கொலாஜன். மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறுக்கு நிற்பதற்கு உதவும் நொதிகளின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலை செய்யச் செய்ய அது துருப்பிடித்ததைப் போல ஆகிவிடும். வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அது இல்லாவிட்டால் கயிறு தளரும், நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசியும், புதுக் காயம் மூடாது. 1939-இல் பாஸ்டன் நகரில் ஜான் கிராண்டன் என்ற அறுவை மருத்துவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தினார். ஆறு மாதம் வைட்டமின் சி இல்லாத உணவை மட்டும் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் முதுகில் கீறிய காயம் ஆறியது. ஆறாவது மாதம் கீறியது ஆறவில்லை. வைட்டமின் சி-யை ஊசியில் ஏற்றிய பிறகே மூடியது.

வாசகி கேட்டது மூளையைப் பற்றி. உடலில் வைட்டமின் சி அதிகம் சேரும் இடங்களில் மூளையும் ஒன்று. மூளையைச் சூழ்ந்த நீரில் அதன் அளவு இரத்தத்தில் இருப்பதைவிடச் சில மடங்கு. அதை உள்ளே இறைத்துவிடத் தனி ஏற்பாடே இருக்கிறது. தட்டுப்பாடு வந்தால் மற்ற உறுப்புகள் இழந்த பிறகும் மூளை தன் பங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே அதற்கு ஒரு முக்கியமான வேலை, டோபமின் நார்அட்ரினலினாக மாறுவதற்கு உதவுவது. விழிப்பு, கவனம், ஒரு காரியத்தில் இறங்கும் உந்துதல் இதற்கெல்லாம் நார்அட்ரினலின் வேண்டும். தசைகள் கொழுப்பை எரிக்கத் தேவைப்படும் கார்னிட்டின் தயாரிப்பிலும் வைட்டமின் சி-க்குப் பங்குண்டு. எதிலும் நாட்டமில்லாத சோர்வை ஸ்கர்வியின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாக ஜேம்ஸ் லிண்ட் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அப்பா நாற்காலியை விட்டு எழாமல் இருந்தபோது அதற்கு நாங்கள் வைத்த பெயர் துக்கம்.

மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கினார். நான்காவது நாள் காலை அப்பாவே போன் செய்தார். "பத்திரிகைய நிறுத்தச் சொன்னது யாரு?" அந்தக் கோபக் குரலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். காயம் ஆறப் பிறகும் சில வாரங்கள் ஆயின. எல்லாச் சோர்வும் இப்படி மாத்திரையில் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவை நினைத்து அவர் கண்கலங்குவது இன்னும் இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

இப்போது எஸ்பிஎம் தம்பிக்கு வருவோம். பெரியவர்களுக்கு நம் நாட்டில் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 70 மில்லிகிராம். பசார் மாலத்தில் அசாம் பொய் தூளோடு விற்கும் கொய்யாவில் 100 கிராமிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது (தூளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், உப்பு). பப்பாளியில் சுமார் 60. பழம் சாப்பிடும் பிள்ளைக்கு 1,000 மில்லிகிராம் மாத்திரையும் கொடுத்தால், குடல் அதில் பாதியை உள்ளே விட்டாலே பெரிது. உள்ளே போன உபரியும் சிறுநீரில் வெளியேறும். அதில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும். சுவீடனில் நடந்த ஆய்வில், இம்மாத்திரைகளை எடுத்த ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. குறைபாடு இல்லாத பிள்ளைக்கு மாத்திரையால் ஞாபகசக்தி கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. காசு மிச்சம், அம்மா.

வீட்டில் படிக்கிற பெண் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கீரை, பருப்பு சாப்பிடும்போது மேலே எலுமிச்சை பிழியுங்கள். அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். இரும்பு குறைந்தாலும் பாடத்தில் கவனம் நிற்காது. சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடித்தால் அந்தப் பலன் குறையும்.

அப்பா இப்போது பப்பாளியை இரண்டாக வெட்டிக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுகிறார். பல்செட்டில் மாட்டாதாம். விதைகளைப் பின்பக்கம் தூக்கிப் போட்டதில் மூன்று கன்றுகள் இடுப்புயரம் வந்துவிட்டன. ஆண் மரமா, பெண் மரமா என்று கேட்டேன். பூத்தால்தான் தெரியும், பொறு என்கிறார்.