களவுபோன யோசனையும் கிறிஸ்தவன் வழக்கும்

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவே ஒடுங்கிய நிலம். இங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாமல் வாழ்தல் இயலாது. அதனாலேயே எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் துயரம் ஊர் முழுதும் பேசப்பட்டது. கூனியை மண்ணறச் சுத்தஞ்செய்து உலர்த்தி, சரக்குச் சேர்த்துப் பொதிகளாக்கிக் கொழும்புக்கு அனுப்புவதற்கு ஓராண்டு பாடுபட்டு அவர் வழிவகுத்தார். முதல் போதவில்லை. ஒரே சபையில் தம்முடன் தொழும் ஒருவரிடம், வெளியிடலாகாதென்ற உறுதியின்மேல், சரக்கின் அளவுமுதல் கொள்வோர் விலாசம்வரை யாவும் சொன்னார். பணம் வரவில்லை. நான்கு மாதத்தில் பொதி மட்டும் மற்றவர் பெயருடன் கடைக்கு வந்தது.

வழக்காடப் போகிறேன் என்றார் இளைஞர். சகோதரன்மேல் வழக்கா என்று சபையார் பவுலடியாரைக் காட்டித் தடுத்தனர். இருவரும் என்னை மத்தியஸ்தம் கேட்டபடியால் இதனை எழுதுகிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், அநியாயத்தைச் சகித்தால் ஆகாதோ என்று பவுல் கேட்பது உண்மையே. ஆயின் அதற்கு முன்னரே, சகோதரருக்குள் தீர்ப்புச் சொல்லவல்ல விவேகி ஒருவன்கூட உங்களிடம் இல்லையா என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வி சபையை நோக்கியது. அதற்கு விடை சொல்லாமல், இழந்தவனிடம் மட்டும் பொறுமையை வேண்டுவது நியாயமன்று. அதே பவுல் தமக்கு நேர்ந்த வழக்கில் இராயனுக்கு அபயமிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கின்றன. அதை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை.

நம் மெதடிஸ்தருக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்குவதற்கு எழுபது ஆண்டுகள் முன்னர், அவர்தம் சபையின் மூலவரான யோன் வெஸ்லியே இப்படியொரு குற்றச்சாட்டுக்கு உள்ளானார். 1744இல் அவர் வெளியிட்ட பாடற்றொகையில் எட்வர்ட் யங் முதலியோரின் பாடல்கள் அனுமதியின்றிச் சேர்ந்திருந்தன. உரிமை பெற்றிருந்த பதிப்பாளர் ரொபர்ட் டொட்ஸ்லி முறையிட்டார். வெஸ்லி வாதாடவில்லை; அடுத்த ஆண்டில் ஐம்பது பவுண் ஈடுசெய்ய உடன்பட்டார். டொட்ஸ்லி மௌனம் காத்திருந்தால் வெஸ்லிக்குத் தம் தவறு எவ்வாறு தெரிந்திருக்கும்? முறையிட்டது பகைமையா? எனக்கு அது உபகாரமாகவே படுகிறது.

இனிச் சட்டம். வெறும் எண்ணத்திற்கு எங்கும் உரிமையில்லை. கூனியைப் பொதியாக்கலாம் என்பது யாருக்கும் தோன்றக்கூடியது. அதற்காக மன்றேறினால் இளைஞர் காசையே இழப்பார். நம்பிக்கையின்மேல் சொல்லிய வியாபார இரகசியமோ வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனைக் காக்கிறது. இளைஞர் பிடிக்கவேண்டியது அந்த இழையை. எழுத்தில் ஒன்றும் வாங்காதது அவர் குறை. அவரிடமே அதைச் சொன்னேன்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் ஒழுங்கு தெளிவாயிருக்கிறது: முதலில் தனியே, பின் இரண்டொருவருடன், அதன்பின் சபைக்கு. இவற்றைக் கடந்தபின் இளைஞர் மன்றுக்குச் சென்றால் நான் அவரைத் தடுக்கமாட்டேன். தனியே பேசும் படி முடிந்துவிட்டது, பலனில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூவராய் அந்த வீட்டுக்குப் போகிறோம். மூவரில் நானும் ஒருவன்.