பரிசுத் தொகை யாருடைய பணம்?



நமது முஹல்லாவின் இளைஞர்கள் சிலர், சென்ற ரஜப் மாதத்தில் ஒரு துண்டறிக்கையின் நகலோடு மதரஸாவுக்கு வந்தனர். மதரஸாக் கூடத்தில் சதுரங்கப் போட்டி நடத்த அனுமதி கேட்டே அவர்கள் வந்திருந்தனர். 64 ஆட்டக்காரர்கள், நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய், முதல் பரிசு 5,000, இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000 என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. "சதுரங்கம் கூடுமா, ஹஜ்ரத்?" என்பதே அவர்களுடைய கேள்வி. அறிக்கையைப் படித்த நமக்கோ வேறொரு கேள்வி எழுந்தது: அந்தப் பத்தாயிரம் ரூபாய் யாருடைய பணம்?

முதலில் அவர்களுடைய கேள்விக்கு வருவோம். இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம் பாரசீகம் வழியாக அரபு மக்களைச் சென்றடைந்தது. அப்பாசியர் ஆட்சியில் அல்அத்லீ, அஸ்ஸூலீ போன்றோர் இதற்கென நூல்களே எழுதினர். மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு அன்றே உண்டு. ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலும் இதைக் கடுமையாகவே அணுகினர். சூது கலவாமலும் தொழுகையைப் பாழாக்காமலும் இருக்குமாயின் ஹராம் அன்று, மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகையைப் பாராமலேயே ஆடியதாகவும் அறிவிப்பு உண்டு. பகடையை நம்பும் ஆட்டத்துக்கும் சிந்தனையை நம்பும் ஆட்டத்துக்கும் இடையே ஷாஃபிஈ ஃபிக்ஹு அறிஞர்கள் கோடு கிழித்தனர். நர்த் என்னும் பகடை ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நமது ஊரில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். ஆகவே, ஆட விரும்பாதவரை ஏளனம் செய்வதும் தகாது. ஆடுபவரைப் பாவி என்று பட்டம் சூட்டுவதும் தகாது.

ஆனால் பணத்தின் விஷயத்தில் இரு மத்ஹபுக்கும் இடையே வேறுபாடு இல்லை. 64 பேர் தலைக்கு 200 கொடுத்தால் 12,800 ரூபாய் சேர்கிறது. அதில் 10,000 மூவர் கைக்குப் போகிறது. மற்ற 61 பேர் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றனர். எல்லோரும் பணம் வைத்து, வென்றவர் அள்ளிச் செல்வதற்குப் பெயர் மைஸிர், அதாவது சூது. ஆடும் பலகை மாறுவதால் பெயர் மாறாது. சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் (5:90, 91) மதுவோடு சேர்த்தே தடுக்கிறது. பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைபடும் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது.

"ஊரெல்லாம் இப்படித்தானே நடத்துகிறார்கள்?" என்றார் ஓர் இளைஞர். உண்மைதான், கேரம் முதல் கிரிக்கெட் வரை இதே வழக்கம். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. கணக்கை யாரும் அவர்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நாம் பிரித்துக் காட்டினோம். நாற்காலி வாடகை, கடிகாரங்கள், தேநீர், நடுவருக்கான தொகை ஆகியவற்றைக் கூட்டித் தலைக்குப் பங்கிட்டால் 50 ரூபாய் போதுமானதாக இருந்தது. கட்டணம் அந்தச் செலவுக்கு மட்டுமே. மிஞ்சினால் அடுத்த நிகழ்ச்சிக்கு. பரிசு, போட்டியில் பங்கெடுக்காத ஒருவரின் அன்பளிப்பாக வரட்டும். அதுவும் பணமாக வேண்டாம். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றைத் தவிர வேறு போட்டிக்குப் பந்தயப் பொருள் இல்லை என்ற நபிமொழி அபூதாவூதில் உண்டு. அதன் எல்லையை அறிஞர்கள் பலவாறு விளக்கினாலும், பேணுதலான வழி ஒதுங்கி நிற்பதே. நூல்கள், ஒரு நல்ல சதுரங்கப் பலகை, சான்றிதழ் என முடிவாயிற்று.

இன்னும் இரண்டைச் சேர்த்தோம். ஒன்று, தோற்றவர் வெளியேறும் முறையைக் கைவிட்டு, 'சுவிஸ்' முறையைக் கொண்டுவந்தோம். வெளியேற்றும் முறையில் முதல் சுற்றிலேயே 32 பேர் வீட்டுக்குப் போய்விடுவர். சுவிஸ் முறையிலோ எல்லோரும் ஆறு சுற்றுகளும் ஆடுவர். ஏறத்தாழச் சமமான புள்ளி பெற்றவரோடு மோதுவர். மற்றொன்று, நேர அட்டவணையைத் தொழுகையை வைத்து வகுத்தோம்: லுஹருக்கு முன் மூன்று சுற்று, உணவுக்குப் பின் இரண்டு, அஸருக்குப் பின் கடைசிச் சுற்று, மக்ரிபுக்கு முன் பரிசளிப்பு. ஆட்டத்தின் நடுவே பாங்கு சொல்லப்பட்டு, தொழுகையா கடிகாரமா என்று ஒரு சிறுவன் தவிக்கும் நிலையை நாமே உண்டாக்கலாகாது.

பரிசுத் தொகை இல்லையென்றதும் வெளியூர் ஆட்டக்காரர்கள் விலகினர். 64 பேர் 38 ஆயினர். இளைஞர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அன்று வந்தவர்களில் பதினொருவர் மறுவாரமும் வந்தனர். இப்போது சனிக்கிழமைதோறும் மக்ரிபுக்குப் பின் கூடத்தில் ஆறு பலகைகள் விரிகின்றன. இஷா பாங்கோடு மடிக்கப்படுகின்றன. பக்கத்துத் தெருவில் வாழும் இந்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பிள்ளைகளுக்குத் தொடக்க நகர்த்தல்களைக் கற்றுத் தருகிறார். சிறுமியருக்கு அவர்களின் தாய்மார் வேறொரு நாளில் அமர்வு நடத்துகின்றனர். போட்டி ஆண்டுக்கு ஒருநாள் கூட்டம் சேர்க்கும். ஒரு ஊரில் ஆட்டம் வேரூன்றுவது இத்தகைய வாராந்தர அமர்வால்தான்.

"பள்ளிவாசலுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ஏற்கெனவே விளையாடிக்கொண்டுதான் இருக்கின்றனர், பேருந்து நிறுத்தத்தில், கைப்பேசியில், முகமறியாதவர்களோடு. நாம் கதவை அடைத்தால் ஆட்டம் நிற்காது. நம் கண்ணுக்கு மறையும். கதவைத் திறந்து கணக்கையும் திறந்து வைத்தால், ஹலாலான பொழுதுபோக்கு எப்படியிருக்கும் என்பதை அவர்கள் ஆடியே கற்றுக்கொள்வர்.

உங்கள் ஊரில் அடுத்த போட்டிக்குத் துண்டறிக்கை அச்சிடும் முன், பரிசு யாருடைய பணத்திலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பொழுதுகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.