காலியா இருக்குன்னு யார் சொன்னது?

போன பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து அக்கா மகன் வத்தல்மலைக்கு வந்திருந்தான். பன்றி விரட்ட என் பேரில் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற நாட்டுத் துப்பாக்கியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். "காலிதானே மாமா?"ன்னு கேட்டுக்கிட்டே குதிரையை இழுத்து டக்குன்னு விட்டான். கேட்டால், "என்.சி.சி.ல பாயின்ட் 22 ரைஃபிள்ல இப்படித்தான் பழகுவோம், ஒண்ணும் ஆகாது" என்கிறான்.

ஒண்ணும் ஆகாதா? முதல்ல பாயின்ட் 22 கதையையே பார்ப்போம். அந்தத் தோட்டாவில் பொறி பிடிக்கிற மருந்து நடுவில் இல்லை, அடிவிளிம்புக்குள் இருக்கு. துப்பாக்கி ஊசியும் விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால், பல பழைய ரைஃபிள்களில் ஊசி நேராகக் குழலின் ஓரத்து இரும்பில் போய் இடிக்கும். நாளாக நாளாக ஊசி மழுங்கும், ஓரத்தில் பள்ளம் விழும், தோட்டா சரியா வெடிக்காது. ரூகர் 10/22 மாதிரி சிலதில் ஊசி அங்கே படாமல் தடுப்பு வைத்திருக்கிறார்கள். எதில் பழகலாம் என்பதைக் கம்பெனிக் கையேடு சொல்லணும், யூடியூப் இல்லை.

ஆனால் இது இரும்புக்கு வரும் சேதம் மட்டும்தான். ஆளுக்கு?

ரைஃபிளில் போல்ட்டைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் துப்பாக்கிக்குப் பின்பக்கம் அடைப்பு. மருந்து வாய்வழியாகத்தான் போகும். உள்ளே என்ன இருக்குன்னு கம்பி விட்டு அளந்தால்தான் தெரியும். அன்றைக்கு அளந்தேன். அடையாளக் கோடு வரைக்கும் இறங்க வேண்டிய கம்பி நாலு விரல் வெளியே நின்றது. முந்தின ராத்திரி பன்றியைச் சத்தம் போட்டு விரட்ட நான் இடித்த மருந்து! சுடாமலே மறந்திருக்கிறேன். கேப்பு மாட்டாததால் பிழைத்தோம். அளக்காமல் அவன் கையில் கொடுத்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

1959 ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவு, வாய்வழி மருந்து போடும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு என்றுதான் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரீல்ஸுக்கு இல்லை.

தோட்டா இல்லாமல் பழகுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. போட்டிக்குச் சுடுகிறவர்கள் பழகத்தான் செய்வார்கள். திறந்து பார்த்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பழகுவார்கள். "காலிதானே?" என்பது கேள்வி. அதற்குப் பதில் கண்ணும் கம்பியும் சொல்லணும், வாய் சொல்லக்கூடாது.

அடுத்த தடவை மலைக்கு வாங்க. சாமைச் சோறு போடறேன், காபித் தோட்டம் காட்டறேன். துப்பாக்கியை மட்டும் கேட்காதீங்க.