மாட்டுக்கும் ஒரு மெத்தை வேண்டும்

கால்நடைப் பக்கம்



“மாட்டுக்கு மெத்தையா? நமக்கே பாயில்தான் படுக்கை!” என்று தலைப்பைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய், உங்கள் கொட்டகையில் பசு படுக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

பசு நொண்டினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? முள் குத்தியதா என்று பார்க்கிறோம். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசுகிறோம். பக்கத்து லயத்துப் பெரியவரிடம் யோசனை கேட்கிறோம். அதற்கும் கேட்காவிட்டால் மருத்துவரைத் தேடுகிறோம். இவையெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பசு நாள் முழுவதும் எதன்மேல் நிற்கிறது, எதன்மேல் படுக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. காலில் தெரியும் நோவு பல சமயம் தரையில்தான் பிறந்திருக்கும். தரையைத் திருத்தாமல் மருந்தை மட்டும் போட்டால், இந்த மாதம் ஆறிய கால் அடுத்த மாதம் மறுபடியும் வீங்கும்.

கால் நோவு காலோடு நிற்பதில்லை. வலியுள்ள பசு தீவனத் தொட்டிக்கு நடந்து போகவே தயங்கும். தீனி குறைந்தால் பால் குறையும். உடம்பு இளைத்தால் சினைப்பருவம் தள்ளிப்போகும். கடைசியில், கன்றுக்குட்டியாய் இருந்தபோதிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் சீட்டுப் பணத்துக்கும் பாலை நம்பியிருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா?

அந்தக் காலம் வேறு

“எங்கள் பாட்டன் காலத்தில் யார் மாட்டுக்குப் படுக்கை போட்டார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது மாடு காலையில் அவிழ்த்துவிட்டால் பால்மரக் காட்டுக்குள் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போதுதான் திரும்பி வந்தது. பகலெல்லாம் அதன் காலுக்குக் கீழே இருந்தது மண்ணும் சருகும் புல்லும். கொட்டகையின் தரையும் மண்தான். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த இனத்தின் வழிவந்த அந்த நாட்டு மாடுகள் உடம்பிலும் சிறியவை.

இன்று பல தோட்டங்களில் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. செம்பனைக் கன்றைக் கடித்துவிட்டால் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். மாட்டைக் கட்டிப்போட்டு, புல்லை அறுத்துவந்து போட வேண்டியிருக்கிறது. சாகிவால், பிரீசியன் கலந்த மாடுகள் பால் அதிகம் கொடுக்கும், எடையும் அதிகம். கழுவ வசதியாக இருக்கட்டும் என்று நாமும் தரைக்குச் சிமெண்டு போட்டுவிட்டோம். ஆக, மாடு கனத்துவிட்டது, தரை கடினமாகிவிட்டது, நடமாட்டமும் நின்றுவிட்டது. மூன்றின் பாரமும் விழுவது அந்த நாலு காலில்தான்.

படுப்பதும் எழுவதும்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். கால் மூட்டைப் பூட்டுப் போட்டதுபோல் நிறுத்திக்கொண்டு, அது நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் சிறிது நேரம் படுக்கும். அந்தச் சிறிது நேரத்துக்காகவே பந்தயக் குதிரைக் கொட்டில்களில் வைக்கோலோ மரச்சீவலோ கனமாகப் பரப்புகிறார்கள். பரப்புவது மெல்லியதாக இருந்தால் குதிரையின் முட்டியில் வீக்கம் காணும். ஈரமாக இருந்தால் குளம்பின் அடியில் அழுகல் வரும்.

பசுவோ நாளில் பாதி நேரம் படுத்தே இருக்க வேண்டிய பிராணி. நல்ல இடம் கிடைத்தால் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் படுக்கும். அசை போடுவதில் பெரும்பகுதி படுத்திருக்கும்போதுதான் நடக்கும். அப்போது மடிக்கு ஓடும் இரத்தமும் கூடும். இடம் பிடிக்காவிட்டால் பசு படுக்காது, நின்றுகொண்டே இருக்கும். அந்த நேரமெல்லாம் குளம்பு பாரம் சுமந்து நோகும்.

அது எப்படிப் படுக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் முன்னங்கால்களை மடக்கி முழங்காலில் மண்டியிடும். பிறகு பின்பக்கத்தைத் தொப்பென்று இறக்கும். எழும்போதும் அப்படித்தான். முழங்காலில் ஊன்றி, தலையை முன்னே நீட்டி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். ஒரு நாளில் சுமார் 10 தடவை இப்படிப் படுத்து எழும். 400 கிலோ எடையுள்ள உடம்பு வெறும் சிமெண்டில் 10 தடவை மண்டியிட்டால் முழங்கால் என்ன ஆகும்? முதலில் முடி உதிரும். பிறகு தோல் தடிக்கும். பிறகு வீங்கும், புண்ணாகும். பின்னங்கால் முட்டியின் வெளிப்பக்கமும் தரையில் உராய்ந்து இதே கதிக்கு ஆளாகும்.

ஈரம் செய்யும் வேலை

கடினம் ஒரு பகை என்றால், ஈரம் இன்னொரு பகை. துணி துவைத்த கை எப்படி ஊறிப்போகிறது? குளம்பும் அப்படித்தான். சாணியிலும் கோமியத்திலும் ஊறிக் கிடந்தால் மெத்தென்று ஆகிவிடும். அப்போது சின்னக் கல்லும் அதைக் குத்திவிடும். இரண்டு குளம்புக்கும் நடுவிலுள்ள தோல் ஊறி வெடித்தால், அந்த வெடிப்பின் வழியாகக் கிருமி புகுந்து அழுகல் நோயை உண்டாக்கும். நொண்டும் மாடுகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னங்காலில்தான் நோவு இருக்கும். சாணியும் கோமியமும் விழும் இடத்தில் நிற்பவை அந்தக் கால்கள்தானே!

எதைப் பரப்பலாம்?

மரத்தூள்: பலகை ஆலை பக்கத்தில் இருந்தால் இதுவே எளிது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். காய்ந்த தூளாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து சூடேறிக் கிடக்கும் குவியலிலிருந்து அள்ளாதீர்கள். அதில் மடிநோய்க் கிருமி பெருகியிருக்கும். காலைக் காப்பாற்றப் போய் மடியைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும். கரையானுக்கு மருந்தடித்த பலகையின் தூளும் வேண்டாம். என்ன மரம் என்று தெரிந்து வாங்குவது நல்லது. அமெரிக்காவில் கறுப்பு வால்நட் என்றொரு மரம் உண்டு. அதன் சீவலைப் படுக்கையில் போட்டால், ஒரே நாளுக்குள் குதிரையின் குளம்பு உள்ளே அழற்சி கண்டு, அது நடக்க முடியாமல் போய்விடும். அந்த மரம் நம் பக்கம் வளர்வதில்லை. ஆனாலும் படுக்கையே காலைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வைக்கோல்: கெடா, பெர்லிஸ், சிகிஞ்சான் போன்ற நெல் விளையும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது வசதி. மென்மையாகவும் இருக்கும். பூசணம் பிடித்த வைக்கோலை ஒதுக்கிவிடுங்கள். படுக்கப் போட்டதைப் பசு தின்னவும் செய்யும்.

உமி: மலிவு. ஆனால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, வழுக்கிக்கொண்டும் போகும். மரத்தூளோடு கலந்து போடலாம்.

மணல்: இதில் கிருமி எளிதில் பெருகாது. தண்ணீர் கீழே இறங்கிவிடும். உடம்புக்குத் தக்கபடி குழிந்தும் கொடுக்கும். கூரான கல் இல்லாமல் சலித்துப் போட வேண்டும். சாக்கடையை அடைத்துக்கொள்வதுதான் இதன் தொல்லை.

ரப்பர் விரிப்பு: நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவிய பால், கடைசியில் நம் மாட்டுக்கே மெத்தையாக வருகிறது! நல்ல பொருள்தான். கையில் பணம் இருப்பவர்கள் வாங்கலாம். ஆனால் ரப்பர் ஈரத்தை உறிஞ்சாது. அதன்மேல் ஓர் அங்குலமாவது மரத்தூள் வேண்டும். வாரம் ஒரு முறை தூக்கி, அடியில் தேங்கியதைக் கழுவிக் காயவிட வேண்டும்.

விரிப்பு இல்லாத சிமெண்டுத் தரையென்றால், தூளோ வைக்கோலோ நாலு விரல் கனம் இருக்கட்டும். புதிதாகச் சிமெண்டு போட்டவர்கள் உடனே மாட்டைக் கட்டாதீர்கள். புதுச் சிமெண்டின் காரமும் சொரசொரப்பும் குளம்பை அரிக்கும். சில நாள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகு கட்டுங்கள். தரை, சாக்கடைப் பக்கம் 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிந்திருந்தால் கோமியம் தானாக ஓடிவிடும். ஒரு மாட்டுக்கு 4 அடி அகலம் வேண்டும். எழும்போது தலையை நீட்ட முன்பக்கம் இடம் விடுங்கள். மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகக் கட்டினால், எவ்வளவு நல்ல படுக்கை இருந்தாலும் பசு படுக்காது.

முழங்கால் சோதனை

உங்கள் கொட்டகைப் படுக்கை சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. காசு செலவில்லை. பசு படுக்கும் இடத்தில் பசுவைப் போலவே நீங்களும் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் வலித்தால் படுக்கை போதாது. பத்து எண்ணும்வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்திருங்கள். முழங்காலில் ஈரம் ஒட்டியிருந்தால் படுக்கையை மாற்ற வேண்டும். உங்களுக்கு அருவருப்பாக இருக்கும் இடம் பசுவுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

பசுவும் தன் பாஷையில் சொல்லத்தான் செய்கிறது. முன்னங்காலைப் படுக்கையிலும் பின்னங்காலைச் சாக்கடையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறதா? நடக்கும்போது முதுகை வில்லாக வளைக்கிறதா? ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்குகிறதா? நொண்டல் வெளியே தெரியும் முன்பே இவை தெரியும்.

அன்றாட வேலை

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் வீட்டில் ஏது நேரம் என்று சொல்லாதீர்கள். பால் கறக்கும் முன் நனைந்த பகுதியையும் சாணியையும் மட்டும் வாரி எடுங்கள். கறந்து முடித்ததும் அந்த இடத்தில் இரண்டு கூடை காய்ந்த தூளைப் போடுங்கள். மாலையிலும் அப்படியே. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் இதற்கு ஒரு கை கொடுக்கலாம். வாரம் ஒரு முறை முழுவதையும் வாரிவிட்டு, தரையைக் கழுவிக் காயவைத்து, நீற்றிய சுண்ணாம்பை மெல்லத் தூவி, அதன்மேல் புதுப் படுக்கையைப் போடுங்கள். சுண்ணாம்பு அதிகமானால் மடிக்காம்பை அரிக்கும். வாரியெடுத்ததை வீணாக்க வேண்டாம். குழியில் மக்கவிட்டால் கீரைப் பாத்திக்கு உரம் தயார்.

மழைக் காலத்தில் கூரைத் தண்ணீர் கொட்டகைக்குள் ஓடி வராமல் சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பசு நின்று நின்று சேறாகிப்போன வாசலில் சரளைக் கல்லைக் கொட்டி, மேலே மணல் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குளம்பை, பழகிய கையால் சீவிவிடச் சொல்லுங்கள்.

நொண்ட ஆரம்பித்துவிட்டால்

முதலில் காலைக் கழுவிக் குளம்புக்கு நடுவே பாருங்கள். கல்லோ ஆணியோ இருக்கலாம். நாற்றமும் வீக்கமும் இருந்து, திடீரென்று பாலும் குறைந்தால் அது அழுகல் நோயாக இருக்கும். ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவர் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். நாளைக் கடத்தினால் எலும்பு மூட்டுவரை போய்விடும். ஊசி போட்ட பிறகு மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

வருமுன் காக்க, துருசு என்று சொல்கிறோமே, அந்த மயில்துத்தத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, கழுவிய காலை அதில் சில நிமிடம் நிறுத்தலாம். அது விஷம். மாடும் பிள்ளைகளும் வாய் வைத்துவிடக் கூடாது. மிச்சத்தை மீன் குட்டையிலோ காய்கறிப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். லாரியின் கறுப்பு எண்ணெயைப் புண்ணில் பூசுவதையும், சூடு போடுவதையும் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட மாடுகள் ஒரே சமயத்தில் நொண்டி, வாயில் நுரை வழிந்து, நாக்கில் கொப்புளமும் கண்டால் அது கோமாரியாக இருக்கலாம். அது படுக்கையால் வருவதில்லை. தொற்றிப் பரவும் நோய். மாட்டை எங்கும் ஓட்டிச் செல்லாமல் கால்நடை மருத்துவ இலாகாவுக்கு உடனே தெரிவியுங்கள்.

வாசகர்களே! தீவனத்துக்குக் காசு கேட்கும், மருந்துக்குக் காசு கேட்கும் மாடு, படுக்கைக்குக் கேட்பது இரண்டு கூடை தூளும் கால்மணி நேரமும்தான். இன்று மாலை பால் கறக்கப் போகும்போது, வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை மண்டியிட்டுப் பாருங்கள். மீதியை உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.

அடுத்த முறை, கன்று ஈன்ற பசுவைக் கவனிக்கும் முறையைப் பார்ப்போம்.