கட்டப்பட்ட கை என்னும் கட்டுக்கதை

ஜமுனாமரத்தூருக்கு வந்து எங்கள் மலைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசிய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அந்தப் பேச்சையே சென்ற இதழில் கட்டுரையாக்கியிருக்கிறார். இலங்கையில் இந்திய அமைதிப்படை தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டது என்கிறார். டெல்லி படையின் கையைக் கட்டிப்போட்டதாம். தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் முதுகில் குத்தினார்களாம். இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்குமாம். துணைக்கு அமெரிக்காவையும் இழுக்கிறார்: வியட்நாமில் தோற்றது ராணுவமல்ல, வாஷிங்டன்தானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முதலில் அந்தக் கட்டப்பட்ட கை. 1987 அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி, விடுதலைப் புலிகளின் தலைவர்களைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கினார்கள். புலிகள் காத்திருந்தார்கள். சூடு தாங்காமல் அடுத்த ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை. தனித்துவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். அவர்களைக் கொன்றது கட்டுப்பாடு அல்ல. துப்பும் தயாரிப்பும் இல்லாமல் போட்ட திட்டம். அதைப் போட்டவர்கள் அதிகாரியின் சக அதிகாரிகள். அவர் கட்டுரையில் அந்த மைதானத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி. படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தது. அதற்கு முன் புலிகள் அந்த வளாகத்தில் இருந்ததை 'முறிந்த பனை' நூலில் இந்தப் படுகொலையைப் பதிவு செய்தவர்கள்கூட மறைக்கவில்லை. ஆனால் செத்தவர்கள் நோயாளிகள், தாதிகள், மருத்துவர்கள், ஊழியர்கள்; அறுபதுக்கும் மேல். மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், கைகளை உயர்த்தியபடி, நாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லிக்கொண்டே தாதிகளோடு வெளியே வந்தார். அவரையும் சுட்டார்கள். டாங்கி போனது, எம்ஐ-25 ஹெலிகாப்டர் போனது, இதுவும் நடந்தது. கட்டை அவிழ்த்துவிட்டால் இன்னும் என்ன செய்திருப்போம் என்பதை அதிகாரி விளக்கமாகவே எழுதட்டும்.

அடுத்தது முதுகில் குத்திய கதை. இதற்கு நாள்காட்டி போதும். சண்டை மூண்டபோது சென்னைக் கோட்டையில் முதல்வராக இருந்தவர் எம்.ஜி.ஆர். படையை அனுப்ப வழிசெய்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்து, பிரதமர் ராஜீவ் காந்தியோடு மெரினா மேடை ஏறியவர் அவர். டிசம்பர் 24 அன்று அவர் இறந்தார். 1988 ஜனவரி இறுதியிலிருந்து ஓராண்டு தமிழ்நாட்டை ஆண்டது டெல்லிதான், ஆளுநர் வழியாக. கருணாநிதி முதல்வரானது 1989 ஜனவரி இறுதியில். வெளியேறச் சொன்னவர் அவரும் அல்ல, இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா. அதற்கு இணங்கி 1989 செப்டம்பரில் கையெழுத்திட்டதும் ராஜீவ் அரசே. திரும்பி வந்து சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகாததைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லலாம். ஆனால் அது 1990 மார்ச். துறைமுகத்தில் மாலை விழாததால் யாழ்ப்பாணம் கைநழுவிப் போனதாக எந்தப் போர்க்கலையில் படித்தார்?

மூன்றாவது, அந்த ஆறு மாதம். முப்பத்திரண்டு மாதம் இருந்தோம். ஏறக்குறைய 1,200 வீரர்களைப் பறிகொடுத்தோம். ஒப்பந்தம் போட்ட நாட்டின் ஜனாதிபதியே நம் படைமீது சுடப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தார். காக்கப் போன தமிழர்களோ நம் சோதனைச் சாவடியைக் கண்டு நடுங்கினார்கள். இந்த லட்சணத்தில் ஆறு மாதம் என்ன, ஆறு வருடம் இருந்தாலும் யாரை வென்று யாரிடம் ஒப்படைப்பது? 1989இல் நம் பக்கம் நின்ற தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆட்கள் தெருவில் போன பையன்களைப் பிடித்துத் 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று சேர்த்தார்கள். ஆயுதம் நாம் கொடுத்தது. நாம் கப்பலேறினோம், அந்தப் பையன்கள் புலிகளிடம் சிக்கினார்கள். எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் பலர் அதில் உண்டு. மேடையில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவைப் பற்றி: 1969இல் வியட்நாமில் 5,40,000 துருப்புகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வீசியதைவிட அதிகக் குண்டுகளை இந்தோசீனாமீது கொட்டினார்கள். 58,000 பேருக்கு மேல் இழந்தார்கள். இதுவா கட்டிய கை? அந்தப் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாராவே 1995இல் நாங்கள் செய்தது தவறு என்று எழுதிவிட்டார். ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டு இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலுக்குள் நடந்து வந்தது. இன்னும் கொஞ்சம் படை, இன்னும் கொஞ்சம் காலம் என்று ஒவ்வொரு முறையும் கேட்ட தளபதிகளுக்கு அங்கும் பஞ்சமில்லை. தோற்ற பிறகும் தவறென்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் இந்த வாதத்தின் வசதி.

சிப்பாயின் வீரத்தை யாரும் மறுக்கவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பரில் அங்கே உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றார். அந்த வீரத்தைக் காட்டி, அனுப்பியவர்களைக் காப்பாற்றுவதைத்தான் சகிக்க முடியவில்லை. எங்கள் மலையிலிருந்து நாளை ராணுவத்துக்கு அக்னிவீரனாகப் போகிறவனுக்கு நான்கு வருட வேலை. அதற்குப் பிறகு படையில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் இடமில்லை. அவனிடம் பேச வருகிறவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: கடல் கடந்து போகிறவன் எதை முடித்தால் வீடு திரும்பலாம்? 1987இல் டெல்லியிடம் அந்தப் பதில் இல்லை. அதிகாரியின் கட்டுரையில் இன்றும் இல்லை.