‘ஸ்டாம்பீட்’ என்றொரு சொல்

பெருங்கூட்டத்தில் சிக்கி மக்கள் மாண்ட செய்தி வரும்போதெல்லாம், ஆங்கில நாளேடுகள் பெரும்பாலும் ஒரே சொல்லைத் தலைப்பில் இடுகின்றன: ‘ஸ்டாம்பீட்’. 2025 செப்டம்பர் 27ஆம் நாள் கரூரில் 41 உயிர்கள் பிரிந்தபோதும் அச்சொல்லே வந்தது. தமிழ் ஏடுகளோ ‘கூட்ட நெரிசல்’ என்றன. இரண்டும் ஒன்றுதானே என வாசகர் எண்ணக்கூடும். ஒன்றல்ல என்பதே நம் கருத்து.

‘ஸ்டாம்பீட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. பேரொலி எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லொன்று மெக்சிகோவில் மிரண்டோடும் மந்தையைக் குறிக்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தினுள் புகுந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் டெக்சாஸிலிருந்து கான்சாஸின் இரயில் நிலையங்களுக்கு மாடுகளைப் பெரும் மந்தைகளாக ஓட்டிச் செல்வர. இரவில் ஓர் இடி முழங்கினால் போதும். படுத்திருந்த மந்தை முழுவதும் எழுந்து கண்மண் தெரியாமல் ஓடும். மேய்ப்பர் குதிரைமீது விரைந்து, முன்னோடும் மாடுகளை வளைத்துத் திருப்பி, மந்தை வட்டமிட்டுச் சுழன்று களைத்து நிற்கும்படி செய்வர். காவலிருப்போர் மெல்லப் பாடிக்கொண்டே மந்தையைச் சுற்றி வருவதும் வழக்கம். மனிதக் குரல் கேட்டால் மாடு மிரளாது என்பது அவர்கள் கண்ட அனுபவம். (நல்ல ஆயனின் குரலை ஆடுகள் அறியும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.) கனடாவின் கால்கரி நகரில் 1912இல் தொடங்கிய மாடுபிடி, குதிரையேற்ற விழாவுக்கும் இதுவே பெயர்.

இச்சொல் பெயராகவும் வினையாகவும் வரும். ஒருவரைச் சிந்திக்கவிடாமல் அவசரப்படுத்தி ஒரு முடிவிற்குள் தள்ளுவதையும் இவ்வினையால் சொல்வர். விலை ஏறப்போகின்றது என்று கேட்டு மக்கள் கடைகளுக்குப் பாய்வதையும் சொல்வர். இவற்றில் குறையொன்றுமில்லை. இறந்தோரைப்பற்றிச் சொல்லும்போதுதான் இடறுகின்றது. அறிவிழந்த அச்சம், வெறிகொண்ட ஓட்டம், தாமே தேடிக்கொண்ட அழிவு ஆகிய மூன்றையும் அச்சொல் தன்னுள் அடக்கி வருகின்றதே!

உண்மையில் நெரிசலில் மடிவோருள் மிகப் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே மூச்சடைத்து இறக்கின்றனர். சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் எனக் கூட்டம் இறுகிவிட்டால், மார்பு விரிய இடமிராது. உள்ளிழுக்கக் காற்றிருந்தும் பயனில்லை. அந்நிலையில் கூட்டம் நீர்போல் அலையலையாய் அசையும். தனி ஒருவர் விரும்பினாலும் நிற்கவோ விலகவோ இயலாது. ஓடுவதற்கு இடமிருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர்!

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ காற்பந்து அரங்கில் நிகழ்ந்ததை நோக்குக. வெளியே நெருக்கம் மிகுந்ததால் காவல்துறையினரே ஒரு வாயிலைத் திறந்துவிட்டனர். உள்ளே வந்தோர், ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பியடைப்புகளுக்கே செல்லும் சுரங்கவழியில் நுழைந்தனர். முன்னே இரும்புவேலி, பின்னே வந்துகொண்டிருந்த மக்கள். மாண்டோர் தொகை, 2021இல் இறந்த ஒருவரையும் சேர்த்து, 97. ஆனால் இரசிகர்களே வாயிலை உடைத்துப் புகுந்தனர் என்ற பொய்யே அன்று முதலில் பரப்பப்பட்டது. பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர், அப்பிள்ளைகள்மீது விழுந்த பழியையும் சுமந்தனர். லிவர்பூல் ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் ஆராய்ந்த குழு 2012இல் உண்மையை வெளிக்கொணர்ந்தது. இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர், இரசிகர்மீது குற்றமில்லை என்று 2016இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள்! கூட்டம்தான் கெட்டது என்று சொல்லிவிட்டால், வாயிலையும் வழியையும் அமைத்தவரை எவரும் வினவுவதில்லை.

ஆங்கிலத்திலும் இதற்குச் சரியான சொல் இல்லாமற் போகவில்லை. ‘க்ரஷ்’ என்பது நம் நெரிசலுக்கு நேரானது. ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் அதனை எழுதலாம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இவ்விரண்டையும் அருகருகே காணலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் பன்றிகள் சரிவில் பாய்ந்து கடலில் மடிகின்றன. ‘ஸ்டாம்பீட்’ அங்கே முற்றிலும் பொருந்தும். சற்றுப் பின்னர், யாயீரின் வீட்டிற்குச் செல்லும் இயேசுவை மக்கள் சூழ்ந்து நெருக்குகின்றனர், அது நெரிசல். மூன்றாம் அதிகாரத்திலும் அத்தகைய நெருக்கம் உண்டாகின்றது. அங்கே ஆண்டவர் கூட்டத்தைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு படகை ஆயத்தமாக வைக்கும்படி சீடர்களிடம் சொல்கின்றார்.